ஓராள் வாசல்

அவள் கை முதலில் உச்சந்தலையில் விழும். அங்கிருந்து காதோரம் இறங்கி, கொண்டையைச் சுற்றி ஒரு தடவு தடவி, தோள், முழங்கை, இடுப்புச் செருகல் என்று போய் முந்தானை முனையில் முடியும். இவ்வளவும் ஒருத்தி மூச்சை இழுத்து விடுகிற நேரத்துக்குள். கொண்டை ஊசி, சேப்டி பின், புருஷனுக்கென்று வழியில் வாங்கி மடியில் மறந்துபோன தீப்பெட்டி எல்லாம் அதற்குள் அவள் உள்ளங்கைக்கு வந்திருக்கும். "போ தாயி" என்பாள். அடுத்த தலை குனியும்.

நாரணாபுரம் சாலையில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசல் அது. உள்ளே வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டின சின்னச் சின்ன அறைகள். வெடிமருந்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். மருந்து கிடக்கிற தரையில் இரும்பு விழுந்து ஒரு பொறி பறந்தால் போதும், அறையோடு ஆளும் போய்விடும். அதனால் ஆண்களை ஒரு காவல்காரர் சோதித்து விடுவார், பெண்களை இவள். அவள் பக்கம் ஒருவர் மட்டும் நுழையும்படி இரண்டு கல்தூண் நட்டிருந்தது. அதற்கு ஓராள் வாசல் என்று பெயர். அவளுக்கு வாசலக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஆஜர்ப் பட்டியலில் இருந்தது. கம்பெனி கிளார்க்கு நான். என் கையாலேயே எட்டு வருஷம் அதை எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் மேஜை ஜன்னலோரம் இருந்தது. காலை ஏழரைக்கு ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த வரிசைதான். பனியும் புழுதியும் கலந்த வெளிச்சத்தில் இருநூறு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று, ஒவ்வொருத்தியும் தன் முறை வந்ததும் தலையைக் கொஞ்சம் குனிந்து, நிமிர்ந்து, உள்ளே போய் மரங்களுக்கிடையில் மறைந்துவிடுவார்கள். சத்தமே இருக்காது. எனக்கு அதைப் பார்த்தால் தூக்கம் வருவது போல ஒரு சுகம் வரும். முதலாளி பலதடவை, "என்ன கிளார்க்கு, கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறியா?" என்று கேட்டிருக்கிறார்.

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. கறுப்பு. முகத்தில் சிரிப்பு வருவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். எடுத்த ஊசி, பின் எல்லாம் அதற்குள் போகும். ஒன்றிலும் அடையாளம் கட்டமாட்டாள். சாயங்காலம் வெளியே வரும்போது அவரவர் ஊசி அவரவர் கைக்கு வந்துவிடும். இந்தக் கம்பிக்கூட்டத்தில் யாருடையது எது என்று எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு மாதிரி வளைஞ்சிருக்கும் தம்பி. அவளவ மண்டை மாதிரி" என்றாள்.

கை வெறும் ஊசியை மட்டும் தேடவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒருநாள் காலை வரிசை நின்றுவிட்டது. சரவெடி பின்னுகிற பேச்சி என்கிற பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, நெத்தி கொதிக்குது. வீட்டுக்குப் போ."

"இன்னைக்குக் கூலி போயிருமே அக்கா."

"உள்ள போயி மருந்து மேல தலை சுத்தி விழுந்தியன்னா ஒங்கூலி மட்டுமா போகும்? அங்கன இருக்கிற நாலு பேரும்லா போவாளுக. போ, போயி கஞ்சி குடிச்சிட்டுப் படு."

பேச்சி அழுதுகொண்டே திரும்பிப் போனாள். இப்படி மாசத்துக்கு நாலைந்து பேரைத் திருப்பிவிடுவாள். யாருக்குக் காய்ச்சல், யார் ராத்திரி சாப்பிடவில்லை, யாரைப் புருஷன் அடித்திருக்கிறான், எவள் உண்டாகியிருக்கிறாள் எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். ஊர்க்கதையாக அதை எங்கேயும் போய்ச் சொன்னதில்லை. பலகாரத்துக்கும் பழத்துக்கும் மசிய வைக்கப் பார்த்தவர்கள் உண்டு. பலகாரத்தை வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் சோதிப்பாள்.

முதலாளியம்மா கதை எங்கள் வட்டாரம் முழுக்கப் பிரசித்தம். ஆயுத பூஜைக்கு மதுரையிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்களை அழைத்துக்கொண்டு அந்தம்மா பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக வந்து இறங்கினார்கள். பெரிய கேட் திறக்கச் சாவி கொண்டுவர ஆள் போயிருந்தது. அதற்குள் பொறுமையில்லாமல் இந்த வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாசலக்கா கையை நீட்டி மறித்தாள்.

"கொண்டை ஊசியக் கழட்டிட்டுப் போங்கம்மா."

"யாருன்னு தெரியுதா?"

"தெரியுதும்மா. மருந்துக்குத் தெரியாதுல்லா?"

அந்தம்மா முகம் சிவந்து, காருக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றோடு அக்கா சீட்டு கிழிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். முதலாளி வந்தார், விஷயத்தைக் கேட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். தானே கார்க் கதவைத் திறந்து, "கழட்டிக் குடுத்துட்டு வா" என்றார். மறுநாளிலிருந்து போகிற இடமெல்லாம் இதையே சொல்லிப் பெருமை அடித்தார். 'எங்க கம்பெனி வாசல்ல எம்பொண்டாட்டியே சோதனை போட்டுத்தான் உள்ள வரணும்' என்று. அந்தப் பெருமைதான் பின்னால் வினையாக வந்தது.

எல்லோரையும் இப்படிப் போட்டு உருட்டுகிறாளே என்று எனக்கே சிலநாள் எரிச்சல் வரும். ஒரு மத்தியானம் வேப்பமர நிழலில் அவள் தூக்குச்சட்டியைத் திறந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"சாப்பிட்டீகளா தம்பி?"

"ஆச்சு. ஏங்க்கா, தீப்பெட்டியத் தேடுறீங்க, சரி. கொண்டை ஊசி, சரி. காலையில ஒரு கிழவி மடியில வச்சிருந்த வெத்தலைப் பாக்கை எதுக்கு எடுத்தீங்க?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். சாத்தூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் அவளும் அவள் தங்கையும் வேலை பார்த்தார்களாம். தண்ணீர் குடிக்க இவள் வெளியே வந்தாளாம். திரும்பிப் பார்க்கும்போது கொட்டகை இல்லையாம். நாலு பேர்.

"எதனால?" என்றேன்.

"தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா அதை மட்டும் தேடியிருப்பேன்."



அறுபதுகளின் நடுவில் இரண்டு புது விஷயங்கள் எங்கள் பக்கம் வந்தன. ஒன்று நைலான் சேலை. அதை உடுத்திக்கொண்டு வந்த முதல் பெண்ணின் முந்தானையை அக்கா தொட்டதும் சடசடவென்று பொறி தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து தன் பழைய நூல்சேலைகள் நாலைந்தைக் கொண்டுவந்து கொடியில் போட்டு, நைலான்காரிகளை அதற்குள் மாற்றித்தான் அனுப்பினாள். இன்னொன்று ஒயர் மாட்டின கிடார். அதைக் கொண்டுவந்தவன் நான்.

பங்குனிப் பொங்கலையொட்டி வியாபாரிகள் சேர்ந்து ஒரு கலை விழா நடத்துவதென்று முடிவானது. எங்கள் முதலாளிதான் தலைவர். ஓடியாடி வேலை பார்க்க ஒரு படித்த கழுதை வேண்டுமல்லவா, அது நான். வழக்கமான நாடகம் வேண்டாம், சென்னையிலிருந்து புது மாதிரி இசைக்குழுவைக் கூப்பிடலாம், கிடார், டிரம்ஸ், சினிமாவில் பாடுகிற ஒருவர் என்று நான்தான் யோசனை சொன்னேன். ரேடியோவில் அந்த மாதிரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு லேசாகிவிடும். அது என் ஊருக்கே வரப்போகிறது, நான் வரவழைக்கிறேன் என்று நினைத்தபோது அந்த ஒரு மாசம் நான் தரையில் நடக்கவில்லை. இடம் பார்த்தது நான், பந்தல் போடச் சொன்னது நான், யார் எங்கே நிற்பது என்று தாளில் கட்டம் போட்டது நான். முதலாளி அந்தத் தாளைப் பார்த்து, "கலெக்டர் கெட்டான்லே" என்றார்.

நோட்டீஸ் அடிக்க நாங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. திரும்பின பக்கமெல்லாம் அச்சாபீஸ். ஐந்து கலரில் பாட்டுக்காரர் முகம் போட்டு, மாலை ஏழு மணி என்று அடித்தாயிற்று. எங்கள் ஊர் அச்சாபீஸ் பழக்கம் ஒன்று உண்டு. தாள் கெட்டுப்போகும் என்று ஆர்டருக்கு மேலே கொஞ்சம் ஓட்டுவார்கள். கெடாமல் மிஞ்சுவதைக் கிழித்துப்போட யாருக்கும் மனசு வராது. நோட்டீஸ் மிஞ்சினது தீப்பெட்டி லோடு லாரிகளில் ஏறி சாத்தூர், கோவில்பட்டி வரை போயிற்று. டிக்கெட்டும் அப்படித்தான் மிஞ்சியது. அதையும் யாரும் கிழிக்கவில்லை. மெஷின்காரர், கட்டிங்காரர், அவர் மச்சான் என்று அழகாகக் கைமாறிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

பேச்சியின் இடுப்புச் செருகலில் ஒருநாள் அக்கா கைக்கு அகப்பட்டது அந்த நோட்டீஸ்தான். நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"என்னடி இது?"

"பாட்டுக் கச்சேரிக்கா. இங்கன பாருங்க, இந்தப் பெட்டியில கம்பி கட்டி கரண்டுல வாசிப்பாகளாம். நான் போகணும்க்கா. எனக்குக்கூட டிக்கெட் கிடைச்சிருக்கு."

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, கலரைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லி, மடிப்புக் கலையாமல் அவள் இடுப்பிலேயே செருகிவிட்டாள். வரிசையில் சிரிப்பு எழுந்தது. அன்றைக்கு நல்ல நாள் போலிருக்கிறது, அவளும் சிரித்தாள்.

கச்சேரிக்கு நான் பிடித்த இடம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் குச்சி காயப்போடும் களம். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில், மதிலில் கண்ணாடிச் சில்லு. டிக்கெட் இல்லாதவன் ஏறிக் குதிக்க முடியாது என்று அதைத்தான் பெரிய வசதியாகச் சொன்னேன். ஆண்களுக்கு லாரி போகிற பெரிய கேட். பெண்களுக்குப் பக்கவாட்டுச் சந்தில் இருந்த சின்ன இரும்புக் கதவு, ஒருவர் மட்டும் நுழையலாம். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கதவு எல்லாமே வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். உள்ளே தீப்பிடித்தால் தள்ளிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்பதற்காக. உள்ளே இருக்கிறவர்களை நினைத்தே பழகிப்போன ஊர் எங்களுடையது.

கச்சேரி முடிவில் வாணவேடிக்கை வைக்காவிட்டால் பட்டாசு வியாபாரிகளுக்கு என்ன மரியாதை? மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு லோடு அடுக்கியிருந்தோம். மேலே முழுக்கத் தென்னங்கீற்றுப் பந்தல். ஆகவே பீடி, தீப்பெட்டி ஒன்றும் உள்ளே வரக் கூடாது. முதலாளி தொடையைத் தட்டினார். "நம்ம வாசலக்காவைக் கொண்டாந்து நிறுத்துலே. எம்பொண்டாட்டிய மறிச்சவ, ஒருத்தி தப்ப முடியாது."

நான் போய்ச் சொன்னேன். அவள் யோசித்தாள்.

"எம்புட்டுப் பேரு வருவாக தம்பி?"

"பொம்பளைக கொஞ்சம் பேருதான்க்கா வருவாங்க. நம்ம கம்பெனி வாசல் மாதிரியே பாத்துக்கிடுங்க. ஒரு ஆளையும் சோதிக்காம விட்றாதீங்க."

"நம்ம வாசல்லன்னா எல்லாரும் பழகினவளுக. நிப்பாளுக."

"அதெல்லாம் நிப்பாங்க. நீங்க நின்னாப் போதும்" என்றேன். நான் சொன்னால் அவள் கேட்பாள். படித்தவன் சொல்கிறான் என்று ஒரு மரியாதை.

கச்சேரியன்று மத்தியானம் பாட்டுக்காரரின் ஆள் வந்து, அவருக்கு அவசரமாக ரயில் ஏற வேண்டும், ஆறு மணிக்கே பாடிவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றான். நோட்டீஸில் ஏழு மணி. நான் ஒரு நிமிஷம் திகைத்தேன். பிறகு, வந்திருக்கிறவர்கள் கேட்கட்டும், மற்றவர்களுக்குக் குழு பாடும் என்று தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலை இப்போதும் சில சமயம் கண்ணாடியில் பார்க்கிறேன்.

ஆறு மணிக்கு வெயில் சாய்ந்து களம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. கீற்று இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. கிடாரில் ஒருவர் முதல் தடவையாகக் கையை ஓட்டினார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? வயிற்றுக்குள் யாரோ மெதுவாகத் தொட்டது போல இருந்தது. முன்வரிசையில் நின்றிருந்த எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாட்டுக்காரர் பாடத் தொடங்கினார். களத்தில் பாதிகூட நிறையவில்லை. மிச்சமெல்லாம் மதிலுக்கு வெளியே இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

வெளியே நடந்ததைப் பிறகு பலபேர் சொல்லித் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டேன். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் நடந்தும் லாரியிலும் வந்து குவிந்திருந்தது. கையில் டிக்கெட். மதிலுக்கு அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்துவிட்டது. யாரைக் கேட்க வந்தார்களோ அவர் குரல் மேலே மிதந்து வருகிறது. வாசலிலோ ஒவ்வொருவராக நிறுத்தி மடியைத் தடவுகிறார்கள். பெரிய கேட்டில் ஒருவன் கத்தினான், ஒருவன் தள்ளினான், கேட் முறிந்தது. உள்ளே இருந்த எங்கள் ஆட்கள் பந்தல் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போய் அடித்தார்கள். கல் பறந்தது. ஒரு வாலிபன் தலையில் கல் பட்டு அங்கேயே விழுந்தான், பிழைக்கவில்லை. போலீஸ் தடியைச் சுழற்றியதும் கூட்டம் திரும்பி, மதிலையொட்டி ஓடி, பெண்கள் நின்ற சந்துக்குள் பாய்ந்தது.

முதலாளி என் சட்டையைப் பிடித்து உலுக்கியபோதுதான் நான் மண்ணுக்கு வந்தேன். "சந்துப் பக்கம் போலே! அந்த வாசலைச் சாத்து! உள்ள வந்து மேடைப்பக்கம் புகுந்தாம்னா அம்புட்டும் போச்சு!"

ஓடினேன். சின்னக் கதவுக்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் ஒரு கூடை நிறைய. புருஷன்மார் தங்கள் சரக்கைப் பெண்டாட்டி மடியில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த நிமிஷத்திலும் ஒரு பெண் தலையில் அவள் கை இருந்தது. வரிசை கலையவில்லை. எங்கள் கம்பெனிப் பெண்கள் நிறையப்பேர் அதில் நின்றார்கள். ஐந்து மணிக்கு வேலை விட்டு, கழுத்தில் ஒட்டின மருந்தின் வெள்ளிப்பொடி போகாமல், அவசர அவசரமாகப் பூ வைத்துக்கொண்டு வந்தவர்கள். சந்தின் அந்தக் கோடியில் அலறல் கேட்டது. கூட்டம் மதிலோடு வழித்துக்கொண்டு வந்து, வெளியே திறந்திருந்த கதவின் முதுகில் மோதியது. கதவு மூடப் பார்த்தது. அக்கா நிலைக்கும் கதவுக்கும் நடுவில் தோளைக் கொடுத்து நின்றாள்.

"சாத்தக் கூடாது தம்பி! வெளிய ஆளு இருக்கு! எல்லாரையும் உள்ள இழுங்க!"

அவளே இழுத்தாள். சோதனை இல்லை, ஒன்றும் இல்லை, தலைமயிரைப் பிடித்து, கையைப் பிடித்து, நாலைந்து பேரை உள்ளே வீசினாள். அடுத்து பேச்சி. அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அக்காவின் கை அவள் மணிக்கட்டை எட்டியிருந்தது.

எனக்குப் பின்னால் மேடை, தார்ப்பாய், ஒரு லோடு வெடி. எனக்கு முன்னால் கூடை நிறையத் தீப்பெட்டி, அதை மிதிக்கப் போகிற கூட்டம். அதுதான் காரணம் என்று ஐம்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அந்த நேரம் என் தலையில் ஒன்றுமே இல்லை. முதலாளி சாத்தச் சொன்னார். அக்காவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து உள்ளே இழுத்தேன். கதவு படாரென்று மூடியது. தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவள் என்னைத் தள்ளிவிட்டுத் தாழைத் திறந்தாள். திறந்து தள்ளினாள். வெளியே திறக்கிற கதவு. வெளியே சதை அடைத்துக்கொண்டு நின்றது. நானும் தள்ளினேன். இரும்புக்கு அந்தப் பக்கம் முதலில் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. 'அக்கா, அக்கா' என்று. பிறகு அது குறைந்தது. பந்தலுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் ஒரு பாட்டு பாடினார், இன்னும் ஒன்று. அவ்வளவு அழகான குரல் அது. ரேடியோவில் அது வந்தால் இன்றைக்கும் எழுந்துபோய் அணைத்துவிடுகிறேன்.

சந்தில் ஐந்து பெண்கள். பேச்சி அதில் ஒருத்தி. களத்தில் ஒரு பொறிகூட விழவில்லை. அன்றைக்குத் தீயினால் யாருக்கும் ஒரு கொப்புளமும் இல்லை.

அதன்பிறகு அக்கா எங்கள் வாசலுக்கு வரவில்லை. கம்பெனியே வர வேண்டாமென்று சொல்லிவிட்டது. அவள் ஒவ்வொருத்தியாக நிறுத்தி வைத்ததால்தான் கூட்டம் சேர்ந்தது என்று ஊர் பேசியது. ஒருவர் ஆரம்பித்தால் போதுமே, பத்துப் பேர் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார்கள். அவள் தீப்பெட்டிக்காகப் பெண்களைச் சந்தில் அடைத்துப்போட்டாள் என்றுகூடப் பேசினார்கள். பேச்சியின் ஆத்தா அக்கா வீட்டு முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு திருத்தங்கலில் ஒரு அச்சாபீஸில் தாள் மடிக்கப் போனாள் என்று கேள்வி. எங்கள் வாசலில் வேறொருத்தி வந்தாள். இரண்டு தலைக்கு ஒன்றைத் தொட்டு விட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகும், அவள் தொடாவிட்டாலும், எங்கள் பெண்கள் அந்த இடத்தில் நின்று, தலையைக் குனிந்துவிட்டுத்தான் போனார்கள். நான் ஜன்னலை மூடி வைத்துக்கொண்டேன்.

விசாரணையைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக்கொண்டே வருகிறேன், பார்த்தீர்களா. சொல்லிவிடுகிறேன்.

கச்சேரி முடிந்த பத்தாம் நாள் ஒரு அதிகாரி வந்தார். எங்கள் ஆபீஸ் அறையில்தான் விசாரணை. அவரோடு வந்த எழுத்தருக்குக் காய்ச்சல். முதலாளி, "நம்ம கிளார்க்கு இருக்கானே, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். வாக்குமூலம் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். முதலாளியும் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அக்காவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். வலது தோளில் கதவு அழுத்தின இடம் கறுத்துக் கன்றியிருந்தது, சேலைக்கு மேலே தெரிந்தது.

"ஒவ்வொருத்தரா நிறுத்திச் சோதிச்சது நீதானா?"

"ஆமாய்யா. ஒராளு ஒராளாத்தான் விட்டேன்."

"அப்படிச் செய்யச் சொன்னது யாரு?"

என் பேனா நின்றது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குப் பழக்கம்யா. எங்கையி கொஞ்சம் மெதுவு. வெரசா விட்டிருக்கலாம். விட்டிருந்தா பேச்சி உள்ள வந்திருப்பா."

எழுதினேன். அவள் சொன்னது அவளைப் பொறுத்தவரை சத்தியம் என்று எனக்குத் தெரிந்தது. யாரையும் காப்பாற்றுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. பத்து நாளாகத் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்ததா சிலபேர் சொல்றாங்க. போட்டது யாரு?"

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வரிசையில் அடுத்து நிற்கிறவரைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"தம்பியும் அங்கனதான் நின்னாக. எழுதிக்கிட்டு இருக்காக. அதை அவுகளே எழுதிக்கிடட்டும்யா" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்து, "என்னப்பா?" என்றார்.

"கூட்ட நெரிசலில் கதவு தானாகவே சாத்திக்கொண்டது" என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதினேன். கையெழுத்து அச்சு மாதிரியே வந்தது. கடைசியில் வழக்கமான வரியையும் எழுதினேன்: படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார். மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கட்டைவிரலை மையில் தொட்டாள். தாளுக்கு மேலே அந்தக் கை கொஞ்ச நேரம் நின்றது.

"அம்புட்டுத்தானா தம்பி?" என்று கேட்டாள்.

"அம்புட்டுத்தான்க்கா" என்றேன்.

விரலை வைத்தாள்.